எழுத்துப்பிழையில் அகப்பட்டவன்



துப்பறியும் கதை என்றால் நம்மில் யாருக்குத்தான் பிடிக்காது? தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்த அம்மாக்களின் பிள்ளைகள்தானே நாம்! ஒரு கொலை நடக்க வேண்டும். ஐந்தாறு பேர் மீது சந்தேகம் எழ வேண்டும். கடைசியில் நாம் சற்றும் எதிர்பாராத ஒருவன் அகப்பட வேண்டும். அவனும் சும்மா ஓர் ஆளாக இருந்தால் நமக்கு நிறைவு வருவதில்லை. பெரிய மூளைக்காரனாக, பெரிய பதவிக்காரனாக, நம்மை இத்தனை நாள் ஏமாற்றிய சூரனாக இருக்க வேண்டும்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நாட்டு மக்களே இந்த ஆசையோடு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, முடிவைக் கண்டு முகம் சுளித்த கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். அந்த நாடு பிரிட்டன். தொடரின் பெயர் ‘லைன் ஆஃப் டியூட்டி’. பணிக்கடமை என்று பொருள் கொள்ளலாம். முடிவையும் சொல்லிவிடப் போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு வாருங்கள்.

எங்கள் வீட்டில் இதைக் கொண்டு வந்தவள் என் அண்ணன் மகள். பட்டணத்தில் சட்டம் படிக்கிறாள். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தவள், “அத்தை, ஒரு பாகம் மட்டும் பாருங்க” என்றாள். ஒரு பாகம் ஆறு பாகமாயிற்று. செம்பனை ஆலையில் வேலை முடிந்து வரும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காருவார். ஆங்கிலம் அறியாத என் மாமனாரும் சாய்வு நாற்காலியை நகர்த்திக்கொண்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர் அவர். யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

இதை எழுதியவர் ஜெட் மெர்க்கூரியோ. எழுத்தாளர் ஆவதற்கு முன் மருத்துவராக வேலை பார்த்தவர். 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் தொடர் தொடங்கியது. மற்றப் போலீஸ் தொடர்களில் போலீசார் திருடனைத் தேடுவார்கள். இதில் போலீசாரே போலீசாரைத் தேடுகிறார்கள். ‘ஏ.சி. 12’ என்பது ஊழல் தடுப்புப் பிரிவு. அதில் மூன்று பேர் முக்கியமானவர்கள். மேலதிகாரி ஹேஸ்டிங்ஸாக ஏட்ரியன் டன்பார், ஸ்டீவ் ஆர்னட்டாக மார்ட்டின் காம்ஸ்டன், கேட் ஃபிளெமிங்காக விக்கி மெக்ளூர் நடித்திருக்கிறார்கள்.

முதல் பாகத்தின் தொடக்கத்தைச் சொன்னால் தொடரின் குணம் உங்களுக்குப் புரிந்துவிடும். தீவிரவாதியைப் பிடிக்கப் போன போலீசார் தவறான வீட்டுக்குள் புகுந்து, குற்றமில்லாத ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். “நடந்ததை மாற்றிச் சொல்லுங்கள்” என்று மேலிடம் சொல்கிறது. ஸ்டீவ் மட்டும் மறுக்கிறான். பிரிட்டிஷ் மக்களுக்கு இந்தக் காட்சி 2005 ஜூலை 22-ஐ நினைவூட்டியிருக்கும். அன்று லண்டன் ஸ்டாக்வெல் இரயில் நிலையத்தில் ஷான் சார்லஸ் டி மெனேசஸ் என்ற பிரேசில் நாட்டு மின்பணியாளரைத் தீவிரவாதி என்று தவறாக எண்ணிப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 27.

இனி மக்களை ஆட்டிவைத்த புதிருக்கு வருகிறேன். மூன்றாம் பாகத்தின் முடிவில், 2016-இல், டாட் காட்டன் என்ற ஊழல் அதிகாரி இறக்கும் தறுவாயில் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறான். போலீசுக்குள்ளேயே இருந்துகொண்டு குற்றக் கும்பலை நடத்தும் ஒருவரைப் பற்றிய குறிப்பு அதில் இருக்கிறது. அவருக்கு ‘எச்’ என்று பெயர். யார் அந்த ‘எச்’? ஹேஸ்டிங்ஸ் பெயரும் ‘எச்’சில்தானே தொடங்குகிறது! 2019-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் புதிர் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டது. டாட் இறக்கும்போது அவன் விரல்கள் நான்கு முறை தட்டினவாம். மோர்ஸ் தந்திக் குறியில் நான்கு புள்ளிகள் ‘எச்’ என்ற எழுத்தைக் குறிக்கும். ஆக, ‘எச்’ என்பது ஓர் ஆளின் பெயரல்ல, ஊழல் பேர்வழிகள் நான்கு பேர் என்பதற்கான குறி. மூன்று பேர் தெரிந்துவிட்டார்கள். நான்காமவர் யார்?

இந்தக் கேள்வியோடுதான் ஆறாம் பாகம் 2021 மார்ச் 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கியது. கொரோனாவால் படப்பிடிப்பு ஆறு மாதம் போல நின்று, பின்பு பெல்ஃபாஸ்ட் நகரில் தொடர்ந்து எடுத்து முடித்தது அது. மக்களும் கொரோனாக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நாட்டில் பெரும்பகுதி ஒரே திசையில் முகம் திருப்பி உட்கார்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

முதல் வாரமே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லையே!” அந்தப் பாத்திரங்கள் பேச்சுக்குப் பேச்சு ‘சிஸ்’ என்றார்கள். இரகசியமாகத் தகவல் தரும் ஆளுக்குப் போலீஸ் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் அது. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே விழித்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டி.எஸ்.கே.பி., பி.பி.டி., ஆர்.பி.எச். என்று நாள் முழுவதும் எழுத்துகளோடு மல்லுக்கட்டும் பள்ளி ஆசிரியர்களுக்கு ‘சிஸ்’ ஒரு பொருட்டா?

வாரம் ஏற ஏறப் பரபரப்பும் ஏறியது. ஐந்தாம் வாரம் கேட்டும் எதிராளியும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்க, திரை இருண்டு, வெடிச்சத்தம் மட்டும் கேட்டு முடிந்தது. ஆறாம் வாரம் ஒரே மேசையைச் சுற்றி ஏறக்குறைய அரை மணி நேரம் விசாரணை. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை, பாட்டு இல்லை. பேச்சு ஒன்றுதான். எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போனது. பிரிட்டனில் பந்தயக் கடைகள் ‘நான்காமவர் யார்’ என்பதற்கு விகிதம் போட்டுப் பணம் கட்ட வைத்தன. ஹேஸ்டிங்ஸ் வாயில் அடிக்கடி வரும் சொல்லடைகளைப் பட்டியல் போட்டு வைத்து, அவர் சொல்லச் சொல்ல அடித்து விளையாடினார்கள்.

மே 2-ஆம் தேதி ஏழாவதும் கடைசியுமான பகுதி. அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் 1 கோடியே 28 இலட்சம் பேர். அந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கும் மேல், அதாவது 56 விழுக்காடு. அன்றாடக் குடும்பத் தொடர்களை நீக்கிப் பார்த்தால், 2002-இல் இப்போதைய கணக்கெடுப்பு முறை தொடங்கிய பின் இத்தனை பேர் பார்த்த நாடகம் வேறில்லை என்றார்கள்.

நான்காமவர் கண்ணாடி அறைக்குள் அழைத்து வரப்பட்டார். இயன் பக்கெல்ஸ்.

“யாரு?” என்றார் என் கணவர். அதுதான் ஒரு கோடிப் பேரின் கேள்வியும்.

பக்கெல்ஸ் 2012-இல் வந்த முதல் பாகத்திலிருந்தே தொடரில் இருக்கிற ஆள். நைஜல் பாயில் என்பவர் நடித்தார். பக்கெல்ஸ் மந்தமானவன். வேலையில் சுணக்கம், பேச்சில் அசட்டுத்தனம், ஆனால் பதவி மட்டும் படிப்படியாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. குற்றக் கும்பலை ஆட்டிவைக்கும் அரசன் அல்லன் அவன். ஓர் இடத்துச் சேதியை இன்னோர் இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காசு வாங்கியவன். அவனுடைய ஊழலை எல்லாரும் திறமைக்குறைவு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அதுதான் அவனுக்குக் கவசமாயிற்று.

எப்படி அகப்பட்டான்? இங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். எழுத்துப்பிழையால்! ‘டெஃபினிட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே ‘ஐ’ வர வேண்டிய இடத்தில் அவன் ‘ஏ’ போடுவான். கும்பலோடு கணினி வழியே பேசிய மறைவான அதிகாரியின் சேதியில் அந்தப் பிழை இருந்தது. பழைய அலுவலகக் கோப்புகளைப் புரட்டியபோது அதே பிழை பக்கெல்ஸின் எழுத்திலும் இருந்தது. துப்பாக்கி பிடித்துக் கொடுக்காத ஆளை ஓர் எழுத்து பிடித்துக் கொடுத்துவிட்டது.

இருபது ஆண்டுகளாகச் சொல்வதெழுதுதல் திருத்துகிறவள் நான். பெயர் எழுதாத தாளை நீட்டினாலும் இது யாருடையது என்று என்னால் சொல்ல முடியும். ஒரு பிள்ளை றகரத்தில் தடுமாறும். இன்னொரு பிள்ளை ஒற்று விடும். பிழை என்பது கைரேகை மாதிரி, வாசகர்களே. மெர்க்கூரியோ இதை எங்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுதினாரோ என்று தோன்றிற்று.

ஆனால் என் மகிழ்ச்சி பிரிட்டனில் பலருக்கு இல்லை. மறுநாள் அங்கே எழுந்த குரல்களில் ஏமாற்றமே ஓங்கியிருந்தது. “இதற்காகவா ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தோம்?” “மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை!” என்கிற தோரணையில் பேசினார்கள். பத்திரிகை விமர்சகர்களும் இரு பிரிவானார்கள். கோபத்தை இன்னும் கூட்டியது முடிவில் திரையில் ஓடிய எழுத்துகள். பக்கெல்ஸுக்கு எதிரான சான்றுகளை நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியவில்லை, ஊழலைத் தடுக்கும் ஏ.சி. 12-இன் அதிகாரம் முன் எப்போதையும்விடக் குறைந்துவிட்டது என்று அவை சொல்லின. நல்லவர் வென்றார் என்ற ஆறுதல்கூட இல்லை. எல்லாருக்கும் இது பிடிக்காது என்பது தெரிந்தே, நம் சமுதாயத்தில் ஊழல் உண்மையில் எப்படி இருக்கிறது என்பதைக் காட்ட முயன்றோம் என்ற பொருள்படத்தான் மெர்க்கூரியோ பதில் சொன்னார்.

எங்கள் கூடத்திலும் இதே வழக்கு நடந்தது. அண்ணன் மகள் பொறுமினாள். “அத்தை, இது மோசடி. அந்தப் பெரிய கமிஷனர்தான்னு நான் நெனச்சேன்.” கணவரும் அவள் பக்கம். மாமாவிடம் கதையை விளக்கிச் சொன்னேன். அவர் சிறிதும் அசையவில்லை.

“அதுல என்னம்மா அதிசயம்? எங்க காலத்துல பால் நிறுக்கிற எடத்துல ஒரு ஆளு. வாய் தொறந்து பேசமாட்டான். கோவில்ல மொத ஆளா நிப்பான். ஒரு வாளிக்குக் கொஞ்சம், ஒரு வாளிக்குக் கொஞ்சம்னு கொறைச்சே எழுதுவான். நாங்க எல்லாரும் தொரையத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம்.”

அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பார்வையாளர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய வில்லனைத் தேடும் பழக்கம் ஆங்கிலக் கதைக்கு நெடுங்காலமாக உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகடிக்க வேண்டும் என்று கோனன் டாய்ல் 1893-இல் முடிவு செய்தபோது, அதற்குத் தகுந்த எதிரியாக மோரியார்ட்டி என்ற பேராசிரியரைப் படைத்தார். இலண்டனின் குற்றங்களுக்கெல்லாம் நடுவில் சிலந்திபோல உட்கார்ந்திருக்கும் மேதை. அந்தக் கதையைப் படித்துக் கொதித்துப்போன வாசகர்கள் ஆயிரக்கணக்கில் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். பத்து ஆண்டு கழித்து, 1903-இல், ஹோம்ஸை டாய்ல் உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆக, முடிவு பிடிக்காமல் ஆசிரியரோடு சண்டைக்குப் போவது அந்த நாட்டு வாசகர்களுக்குப் பரம்பரைச் சொத்து!

சிலந்தி மேதை ஒருவன் இருந்தால் நமக்கு வசதி. அவனைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. மற்ற எல்லாரும் நல்லவர்கள் என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். பக்கெல்ஸ் அந்த நிம்மதியைக் கெடுத்துவிடுகிறான். அவன் ஒருவனால் மட்டும் ஒன்றும் ஆகியிருக்காது. “எதற்கு வம்பு” என்று கண்ணை மூடிக்கொண்டவர்களும், “நம் துறையின் பேர் கெட்டுவிடும்” என்று கோப்பை மூடியவர்களும் துணை நின்றதால்தான் அவன் மேலே ஏறினான்.

இது கதைக்காரரின் கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாது. கடைசிப் பகுதி ஒளியேறி ஆறு வாரம் கழிந்து, 2021 ஜூன் 15-ஆம் தேதி, இலண்டனில் ஓர் அறிக்கை வெளிவந்தது. டேனியல் மோர்கன் என்ற தனியார் துப்பறிவாளர் 1987 மார்ச் 10-ஆம் தேதி, தென் இலண்டனில் ஒரு மதுக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் கோடாரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பல முறை விசாரித்தும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த வழக்கில் போலீஸ் நடந்துகொண்ட விதத்தை ஆராய அமைத்த தனிக்குழு என்ன சொன்னது தெரியுமா? தன் நற்பெயரைக் காப்பதற்காகக் குறைகளை மறைப்பதும் மறுப்பதும் நேர்மையின்மை. அது நிறுவனமே ஊழலாகிப்போன ஒரு வகை என்றது. காவல் துறைத் தலைமை அந்தச் சொல்லை ஏற்க மறுத்தது. ஒரு மேதையின் சதி என்று குழு முடிவு கட்டவில்லை. பெயர் கெடக்கூடாது என்ற பயத்தைத்தான் அது சுட்டிக்காட்டியது. முப்பத்து நான்கு ஆண்டு நீதிக்காக நடந்த அந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

வாசகர்களே, மாமா சொன்ன பிறகு எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பதை இப்போது சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளை. அவள் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரில் ஓர் எழுத்து மாறிப் பதிவாகிவிட்டது. தாயின் அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிள்ளையின் பத்திரத்தில் வேறோர் எழுத்து. ‘இது வேறு ஆள்’ என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்துவதற்கு மனுச் செய்தோம். மனு ஓர் அலுவலகத்தில் நுழைந்தது. நான்கு ஆண்டு வெளியே வரவில்லை.

தாயோடு நானும் பள்ளி விடுமுறை தோறும் போவேன். யாரும் கையூட்டுக் கேட்கவில்லை. யாரும் கடிந்து பேசவில்லை. “கோப்பு மேலே போயிருக்கிறது.” “அவர் இன்று விடுப்பு.” “அடுத்த மாதம் வந்து பாருங்கள்.” பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாள அட்டையை அந்தப் பிள்ளை பதினாறு வயதில் எடுத்தாள். இடையில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவித்தொகையும் விடுதிப் பள்ளி இடமும் வேறு பிள்ளைகளுக்குப் போயின. கடைசியில் மாற்றலாகி வந்த ஓர் இளம் பணியாளர் அலமாரியைத் துப்புரவு செய்தபோது கோப்பைக் கண்டெடுத்தார். மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது. அது வரை அந்த மேசையில் இருந்தவரோ, அதற்குள் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போயிருந்தார்.

அந்த நான்கு ஆண்டும் அந்தத் தாய் யாரைச் சபித்தாள் தெரியுமா? அரசாங்கத்தை, தலைவிதியை, சில சமயம் தன் படிப்பில்லாத தகப்பனை. மேசைக்குப் பின்னால் புன்னகையோடு உட்கார்ந்திருந்தவரை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. “அவரு நல்ல மனுசன் டீச்சர், உக்காரச் சொல்வாரு” என்பாள்.

பக்கெல்ஸைக் கண்டு ஏமாந்தவர்களை நான் குறை கூறவில்லை. ஒன்பது ஆண்டு ஏங்கியவர்களுக்குக் கதையில் ஒரு கனமான முடிவு வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாதா? நாடகமாகப் பார்த்தால் கடைசிப் பகுதியில் வேகம் குறைந்துதான் போயிற்று, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மந்தமான முகம் என்னை விட்டுப் போகவில்லை. மோரியார்ட்டியை நான் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. பக்கெல்ஸை எத்தனையோ முகப்பிடங்களில் பார்த்திருக்கிறேன்.

மக்களின் ஏமாற்றம் தொடரைக் கொன்றுவிடவும் இல்லை. ஏழாம் பாகம் எடுக்கப் போவதாக 2025 நவம்பரில் பி.பி.சி. அறிவித்தது. அண்ணன் மகள் துள்ளிக் குதித்தாள். “இந்த வாட்டி பெரிய ஆளத்தான் பிடிப்பாங்க, பாருங்க அத்தை” என்கிறாள். பார்ப்போம்.

முடிக்கும் முன் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் காகிதம் எந்த அலுவலகத்தில் கிடந்தாலும் சரி, போகும்போது ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தைக் கையில் கொண்டு போங்கள். போன தேதியை எழுதுங்கள். எந்த முகப்பில் யார் பேசினார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கொடுத்த மனுவின் படியில் முத்திரை கேட்டு வாங்குங்கள். பத்திரத்தில் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே அந்த இடத்தை விட்டு நகருங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம். ஏ.சி. 12 செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார்கள்.